டோக்கியோவிலும் கேட்பது அதே கேள்விதான்: யார் சொல்லி வந்தீங்க?

கேள்வி: "என் தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான். வரும் ஏப்ரலில் டோக்கியோ போகிறான். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே வாடகை வீடு தர மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும்?"

மறுப்பது உண்மைதான். ஜப்பான் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் 100க்கு 39 பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அது நடந்தது. அப்புறம் வீடும் கிடைத்தது, நாலு வருஷத்துக்கு மேல் அதே வீட்டில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் நடப்பதை முதலில் சொல்கிறேன், அது புரிந்தால் டோக்கியோ பாதி புரிந்துவிடும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அப்பாவுக்கு நாலு போர்ஷன் லைன் வீடு இருக்கிறது. யார் வந்து "வீடு காலியா இருக்குதாமே" என்று நின்றாலும், வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால் அப்பா கேட்பது ஒன்றே ஒன்று: "யார் சொல்லி வந்தீங்க?" தெரிந்த மளிகைக்கடைக்காரர் பெயரைச் சொன்னால் உட்காரச் சொல்வார். சொல்ல ஆள் இல்லாதவர்களிடம் "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்பா" என்று முடித்துவிடுவார். மாம்பழ சீசனில் மாங்கூழ் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் வடமாநிலப் பையன்கள் பலர் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

டோக்கியோவில் வீடு பார்த்துத் தரும் அலுவலகத்தை 'ஃபுதோசான்யா' என்பார்கள். பெரும்பாலும் நாம் நேராக வீட்டுக்காரரிடம் போய்ப் பேச முடியாது, இவர்கள் வழியாகத்தான். எனக்குக் கிடைத்தவர் என் வயதுக்காரர், நல்ல மனிதர். நான் காட்டிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாக என் எதிரிலேயே போன் போட்டார். வணக்கம் சொல்லி, வீட்டு எண்ணைச் சொல்லி, வாடகையைச் சரிபார்த்து, கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி "கைகொகுஜின்" என்பார். வெளிநாட்டவர் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மறுமுனையில் சில நொடி அமைதி. இவர் தலையைக் குனிந்து குனிந்து "ஹாய், ஹாய்" (சரி, சரி) என்று கேட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே அந்தத் தாளை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். முதல் நாள் ஏழு தாள் கவிழ்ந்தது. எனக்கு ஜப்பானிய மொழி அப்போது அரைகுறைதான், ஆனால் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வெளியே வந்து ரயில் நிலையத்து வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். பழையபேட்டையில் எங்கள் படியிறங்கிப் போன பையன்கள்தான் கண்ணுக்குள் நின்றார்கள்.

எட்டாவது வீட்டுக்காரர் உடனே மறுக்கவில்லை. கேள்வி கேட்டார். குப்பை பிரித்துப் போடத் தெரியுமா, ராத்திரி ஆட்கள் வந்து கூடுவார்களா, எண்ணெயும் மசாலாவும் போட்டுச் சமைப்பானா, சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் யாரைப் பிடிப்பது. வெறுப்பு இருப்பவர் இத்தனை கேட்க மாட்டார். ஒரு பிரச்சினை என்றால் ஜப்பானிய மொழியில் யாரிடம் போய்ப் பேசுவது என்ற பயம்தான் எனக்குத் தெரிந்து பெரிய காரணம். அதனால் தம்பி அந்தப் பயத்துக்குப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்: கம்பெனி கொடுக்கும் வேலைச் சான்று, சம்பள விவரம், அங்கேயே உள்ள போன் எண், விமான நிலையத்தில் தரும் குடியிருப்பு அட்டை, அவசரத்துக்குக் கூப்பிட ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு ஆளின் பெயர். கடைசியில் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். கம்பெனியில் யாராவது ஒரு மூத்தவரிடம் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் ஜாமீன்தாரர் வேண்டும். அந்த ஊரில் நமக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதற்கென்றே உத்தரவாத நிறுவனங்கள் இருக்கின்றன. வாடகை நின்றுபோனால் வீட்டுக்காரருக்கு அவர்கள் கட்டிவிட்டு நம்மிடம் வசூலிப்பார்கள். ஆரம்பத்தில் அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை கட்டணம். அப்பா கேட்கும் "யார் சொல்லி வந்தீங்க"வுக்கு அங்கே காசு கொடுத்து வாங்கும் பதில் இது.

பணத்துக்கு வருகிறேன். நம் பக்கம் அட்வான்ஸ் கொடுத்தால் காலி செய்யும்போது திரும்பி வரும். அங்கே அப்படித் திரும்பி வரும் அட்வான்ஸுக்கு 'ஷிகிகின்' என்று பெயர். அதோடு 'ரேகின்' என்று ஒன்று உண்டு. வீடு கொடுத்ததற்கு நன்றியாக வீட்டுக்காரருக்குத் தருவது, அது திரும்பவே வராது. மாத வாடகை 80,000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிகிகின் 80,000, ரேகின் 80,000, தரகு ஒரு மாத வாடகையும் 10% வரியும் சேர்த்து 88,000, உத்தரவாத நிறுவனத்துக்கு 40,000, முதல் மாத வாடகை 80,000, தீக் காப்பீடும் பூட்டு மாற்றுவதும் சேர்த்துச் சுமார் 40,000. ஆக நாலு லட்சம் யென்னுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது ஐந்து மாத வாடகை. இது மொத்தமும் சாவி கைக்கு வருவதற்கு முன்னாலேயே கட்ட வேண்டும், முதல் சம்பளம் வருவதற்கும் முன்னால். கம்பெனி இதில் எவ்வளவு தரும் என்று வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னரே கேட்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். தரகர் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கும் வரிக்கும் மேல் வாங்கக் கூடாது. ரேகின் இல்லாத வீடுகளும் நிறைய இருக்கின்றன, தேடும்போதே அதைக் குறித்துக் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு மாத வாடகை கேட்பதும் டோக்கியோவில் வழக்கம்.

இந்தச் சுமை பெரும்பாலும் இல்லாத ஒரு வழி யூஆர் வீடுகள். அரசு சார்ந்த அமைப்பு. ரேகின் கிடையாது, தரகு கிடையாது, புதுப்பிக்கும் கட்டணம் கிடையாது, ஜாமீன்தாரரும் தேவையில்லை. இரண்டு மாத அட்வான்ஸ் மட்டும். முறையான குடியிருப்பு அனுமதி இருந்தால் வெளிநாட்டவர் என்று ஒதுக்க மாட்டார்கள். ஆனால் வருமான நிபந்தனை உண்டு, குறைந்த வாடகை வீடுகளுக்கு மாத வருமானம் வாடகையைப் போல் நாலு மடங்கு இருக்க வேண்டும். எதோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு இந்த வீடுகளும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டு கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த நம் ஆட்கள் அங்கே குடியேற ஆரம்பித்தார்கள். தோசாய் ரயிலில் ஏறினால் அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சிக்கு நேராகப் போய்விடலாம். பருப்பும் கடுகும் கிடைக்கும். குடும்பத்தோடு போனால் முதலில் அங்கே பார்ப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். தனி ஆள் என்றால் அலுவலகத்துக்குப் பக்கமாகவும் தேடலாம்.

விளம்பரம் படிப்பதில் சில விஷயங்கள். '1கே' என்றால் ஒரு அறையும் சின்னச் சமையலிடமும். அறையின் அளவை 'ஜோ' கணக்கில் போடுவார்கள், 6 ஜோ என்பது சுமார் 105 சதுர அடி. நிலையத்திலிருந்து 10 நிமிஷ நடை என்று போட்டிருந்தால் 800 மீட்டர், ஒரு நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்பது அவர்கள் விதி. 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி வாங்கிய கட்டடமா என்று கட்டாயம் கேளுங்கள், நிலநடுக்கத்துக்கான கட்டட விதியை அப்போதுதான் கடுமையாக்கினார்கள். 'அபாதோ' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மரமோ லேசான இரும்போ, பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும். 'மன்ஷோன்' என்றால் பெரும்பாலும் கான்கிரீட்.

ஏப்ரல் என்பதுதான் எனக்குக் கவலை. அங்கே படிப்பும் வேலையும் ஏப்ரலில் தொடங்குவதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை எல்லோரும் வீடு தேடுவார்கள். முடிந்தால் முதல் ஒரு மாதம் பலர் சேர்ந்து தங்கும் ஷேர் ஹவுஸிலோ மாத வாடகை அறையிலோ தங்கிவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு நேரில் பார்த்து எடுக்கட்டும். வீடு அமைந்ததும் 14 நாளுக்குள் வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்.

அத்தனை கேள்வி கேட்ட அந்த எட்டாவது வீட்டுக்காரர்தான் வீடு கொடுத்தார். ஏழு தாள் கவிழ்ந்த கதையை அன்று ராத்திரியே அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் மாங்காய் காலத்தில் ஊருக்கு வந்தபோது நாலாவது போர்ஷனில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். காலண்டர் ஓரத்தில் அந்தப் பையனின் மேஸ்திரி நம்பர் அப்பா கையெழுத்தில் இருந்தது.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அங்கே வீடு காலியாகத்தான் வரும், பெரும்பாலும் விளக்குகூட இருக்காது, காஸ் அடுப்பும் நாம் வாங்குவதுதான். காஸைத் திறந்துவிட ஆள் வரும்போது நாம் வீட்டில் இருக்க வேண்டும். நான் சாயங்காலம் சாவி வாங்கி, போன் வெளிச்சத்தில் பெட்டியைப் பிரித்து, மார்ச் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அவன் காலையிலேயே சாவி வாங்கட்டும், அன்றைக்கே காஸ் ஆளுக்கும் நேரம் சொல்லி வைக்கட்டும்.