ஃபிஜியில் பிரிட்டிஷ் ஆட்சி சொந்தபந்தத்தையும் நில உரிமையையும் எப்படி மாற்றியது?

வெள்ளையர் நிலத்தைப் பிடுங்கவில்லையே, பிறகு என்ன மாறியது என்று கேட்கத் தோன்றும். பிடுங்காதது பெருமளவு உண்மைதான். 1874-ல் ஃபிஜி பிரிட்டிஷ் வசமானது. மறு ஆண்டு வந்த ஆளுநர் ஆர்தர் கார்டன், நிலம் வெளியாருக்கு விற்கப்படுவதைத் தடுத்தார்.

மாற்றம் நில உரிமைப் பதிவேட்டில் நடந்தது. அதுவரை நிலம் யார் கையில் என்பது ஊருக்கு ஊர் வேறு: சில இடங்களில் சிறு குடும்பம், சில இடங்களில் பெரிய குலம். போரில் தோற்றுத் தஞ்சம் வந்தவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு அமைத்த நில ஆணையம் இந்த நெளிவுசுளிவைப் பெரும்பாலும் அழித்து, 'மதங்கலி' என்ற தந்தைவழிக் கிளையையே பெரும்பாலான இடங்களில் நில உரிமையாளர் என்று எழுதியது.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது 'வசு' உறவின் கதி; அது தாய்மாமனுக்கும் அவருடைய சகோதரி மகனுக்கும் இடையிலான உறவு. தாய்மாமனின் ஊருக்குள் நுழைந்து, பன்றியையோ படகையோ கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை பெரிய இடத்து மருமகனுக்கு இருந்தது. உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது, சடங்குகளில் மதிக்கவும் படுகிறது. ஆனால் மணமான தம்பதியின் பிள்ளை பெயர் வழக்கமாக ஏறுவது அப்பாவின் மதங்கலியில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வரும் பணம் பிரிக்கப்படுவதும் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான்.