தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர்தானா?

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை உயிரினம்), தொட்டி, ஃபில்டர் எல்லாம் ஒரே நாளில் வாங்கினோம். முதலில் நன்றாகச் சாப்பிட்டது. இப்போது இரை எடுப்பதில்லை. செவுள்கள் முன்பக்கம் வளைந்திருக்கின்றன, ஒன்றில் வெள்ளையாகப் பஞ்சுபோல ஒட்டியிருக்கிறது. தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. விற்றவர் பூஞ்சை மருந்தும், தண்ணீரைத் தெளியவைக்கும் திரவமும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். காகிதப் பட்டையைவிட இதை நம்பலாம், பல பட்டைகளில் அமோனியா பார்க்கும் கட்டமே கிடையாது.

அமோனியா நச்சு, ஆனால் அதற்கு நிறமில்லை. அதனால் தெளிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கழிவிலும் மீந்த இரையிலும் வரும் அமோனியாவை ஃபில்டரில் வளரும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருக 4 முதல் 8 வாரம் ஆகும். அதற்கு முன்பே உங்கள் ஆக்சலாட்டல் உள்ளே இறங்கிவிட்டது. தொட்டியையும் உயிரையும் ஒரே நாளில் விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது பெரிய தவறு.

கிட்டில் வரும் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டுகளை விட்டு, கிட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான கிட்களில் மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை, பச்சை ஏறினால் இருக்கிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இருந்தால் நல்லது. பிஹெச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) வெப்பமும் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும்.

அமோனியா தெரிந்தால், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர் உள்ள தனி டப்பாவுக்கு மாற்றி, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். குளோரின் நீக்கும் திரவம் வாங்கும்போது குளோரமைனையும் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) நீக்குமா, கற்றாழை கலக்காததா என்று லேபிளில் பாருங்கள். குளோரமைன் இருந்தால் ஒரு ராத்திரி வைத்துவிட்டாலும் போகாது. செவுள் பஞ்சு பெரும்பாலும் கெட்ட தண்ணீரின் விளைவு, தண்ணீரைச் சரிசெய்யாமல் மருந்து போட்டால் திரும்ப வரும். மேலும் ஆக்சலாட்டலின் தோல் எதையும் உறிஞ்சும், மீன் மருந்துகளில் பல அதற்கு ஆகாது. பஞ்சு பரவினாலோ, தோல் சிவந்தாலோ, சில நாளில் இரை எடுக்காவிட்டாலோ நீர்நில வாழ் உயிரிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

கேள்வி: சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) அவசியமா, மின்விசிறி போதுமா?

பதில்: முதலில் தெர்மாமீட்டர் வைத்து, மதியம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மெக்சிக்கோவின் சோசிமில்கோ மேட்டு ஏரியில் வாழும் உயிரினம் இது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு ஒத்துவரும், 24ஐத் தாண்டினால் ஆபத்து. தண்ணீர்ப் பரப்பின் மீது வீசும் விசிறி சில டிகிரி குறைக்கும், தண்ணீர் வேகமாக வற்றும் என்பதால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அறையே 30 டிகிரியைத் தொடுமானால் விசிறி போதாது, சில்லர் வேண்டும். ஐஸ் பாட்டில் போடுவது அவசரத்துக்கு மட்டும், ஏறி இறங்கும் வெப்பமும் அதை வாட்டும்.