கையில் அளந்தால் சரி, கல்லீரலில் மட்டும் உயர் அழுத்தமா?

சுங்கை சிப்புட் கிளினிக்கில் அப்பாவின் இரத்த அழுத்தம் 120/80 என்றார்கள், பெரிய மருத்துவமனையிலோ கல்லீரலில் அழுத்தம் அதிகம் என்கிறார்கள், எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான்.

கையில் கட்டும் பட்டை தமனியின் அழுத்தத்தை அளக்கிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை அது எட்டாது. அந்தச் சிரைக்கும் கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் சிரைக்கும் இடையே இயல்பான அழுத்த வேறுபாடு 5 மில்லிமீட்டர் பாதரசம் வரைதான். 12-ஐ எட்டினால் இரத்தக்கசிவு அபாயம்.

சம்சு என்ற மலிவு மதுவோ, ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியோ, நீரிழிவோடு சேரும் கொழுப்போ கல்லீரலைத் தழும்பாக்கி இறுக்கிவிட்டால், அடைபட்ட செம்பனைத் தோட்டக் கால்வாய் நீர் பக்கவழி தேடுவதுபோல் இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளுக்குள் பாய்கிறது. அவை புடைத்து ஒருநாள் வெடிக்கலாம். மண்ணீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும்.

அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு) எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000-க்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் அதுவும் ஒரு தடயம். உணவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். புடைத்த சிரைகளை ரப்பர் வளையத்தால் கட்டிவிட முடியும். புரோப்ரனோலால் அல்லது கார்வெடிலால் கொடுத்திருந்தால், “பிரஷர்தான் சரியாக இருக்கிறதே” என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இங்கே அது போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. வயிற்றில் நீர் இருந்தால் உப்பு மிகுந்த கருவாட்டை விட்டுவிட வேண்டும். இரத்த வாந்தியோ தார்போன்ற கறுப்பு மலமோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.