தமிழில் காதல் நாவல் எழுதத் தொடங்கி, அதைப் புத்தகமாகக் கொண்டுவருவது எப்படி?

கையில் ஒரு கதை இருக்கிறது, முழுதாக எழுதி நேரே பதிப்பகத்துக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. அனுப்பலாம், தடையில்லை. ஆனால் பெயர் தெரியாத ஒருவரின் முதல் காதல் நாவலை நம்பி அச்சுக்குக் காசு போடும் பதிப்பகம் குறைவு. முன்பு ராணிமுத்து, மாலைமதி, கண்மணி மாதிரியான மாத நாவல்கள் புதியவர்களுக்கு வாசலாக இருந்தன. இன்று அந்த இடத்தை இணையத் தொடர்கள் பிடித்துக்கொண்டன. ஆகவே இப்போதைய வரிசை: இணையத்தில் தொடர், அடுத்து அமேசான் கிண்டிலில் மின்னூல், அதற்கப்புறம் அச்சு. இதில் ஓரிடத்தில் யோசிக்காமல் கொடுத்த உரிமை இன்னோரிடத்தில் காலை வாரிவிடும். புதிதாக வருகிறவர்கள் எழுத்தில் அடிபடுவதைவிட இங்கே அடிபடுவதுதான் அதிகம்.

முதலில் கதை. 40,000 முதல் 48,000 சொல் வரை வைத்துக்கொள்ளுங்கள். டெமி எனப்படும் வழக்கமான நாவல் அளவுப் பக்கத்தில் சுமார் 200 சொல் பிடிக்கும் என்பதால் அது அச்சில் 200 முதல் 240 பக்கம் வரும். தொடராகப் போட்டால் 1,200 சொல் வீதம் 33 முதல் 40 அத்தியாயம். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்கு. 15 பாரம் சரியாக 240 பக்கம். 243 பக்கம் வந்து நின்றால், அந்த மூன்று பக்கத்துக்காக யாரும் இன்னொரு பாரம் ஓட்டமாட்டார்கள். எழுத்தைச் சிறிதாக்குவார்கள், இல்லையென்றால் உங்களைக் கேட்காமலே எங்காவது வெட்டுவார்கள்.

எழுத உட்காருமுன் ஒரே பக்கத்தில் கதைச்சுருக்கம், முடிவையும் சேர்த்து, எழுதிவிடுங்கள். இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்பது இந்த வகையில் வாசகருக்கு முன்பே தெரியும். ஆகவே ‘சேர்வார்களா’ என்ற கேள்வியில் கதை ஓடாது. ‘இத்தனை நாள் ஏன் சேரவில்லை’ என்பதில்தான் ஓடும். அந்தக் காரணத்துக்கு எடை இருக்க வேண்டும். ஒரு போன் போட்டு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை 25 அத்தியாயம் இழுத்தால், கருத்துத் திரியில், அதாவது கதைக்குக் கீழே வாசகர் எழுதும் இடத்தில், வாசகரே அதைச் சொல்லிவிடுவார். கடன், முன்பு கொடுத்த வாக்கு, அக்காவின் உடைந்த கல்யாணம், நிலத் தகராறு, வேலைக்காக வெளியூர் போக வேண்டிய கட்டாயம் என்று, பேசினாலும் தீராத ஒன்றை நடுவில் வையுங்கள். வில்லியாக ஓர் அத்தையை வைத்து எல்லாப் பழியையும் அவர்மேல் போடுவது சுலபம்தான். ஆனால் நாயகனும் நாயகியும் அப்போது கதையில் எதையும் முடிவெடுக்காத ஆட்களாகிவிடுகிறார்கள். பெரும்பாலான முதல் நாவல்கள் 12ஆம் அத்தியாயத்துக்கும் 22ஆம் அத்தியாயத்துக்கும் நடுவே தொய்வது இதனால்தான்.

கூட்டுக் குடும்பக் கதை என்றால் இரண்டு வீட்டுக்கும் வம்சாவளிப் படம் ஒன்றைக் காகிதத்தில் போட்டே ஆக வேண்டும். யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ‘பெரியம்மா’வாக இருந்தவர் பதினேழில் ‘அத்தை’யானால் வாசகர் மன்னிக்கமாட்டார். அதைவிடப் பெரிய விபத்து ஒன்று உண்டு. கதைக்கு நெருக்கம் கூட்டுவதற்காக இரண்டு குடும்பத்துக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்திருப்பதாக வைப்போம். நாயகியின் சித்தியை நாயகனின் சித்தப்பாவுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. சித்தியின் கணவர் நாயகிக்கும் சித்தப்பா, அவருடைய அண்ணன் பெரியப்பா, பெரியப்பா மகன் அண்ணன். பத்து அத்தியாயம் கழித்து ஒரு வாசகி இதைக் கண்டுபிடித்துச் சொன்னால், இரண்டு குடும்பத்தையும் பிரித்துத்தான் மறுபடி எழுத வேண்டும். அந்தச் சித்தியை அத்தையாக, அதாவது நாயகியின் அப்பாவுடைய தங்கையாக, மாற்றிவிட்டால் முறை சரியாகிவிடும். படம் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

வயதும் அப்படித்தான். நாயகிக்கு 18 வயது முடிந்திருப்பதை முதல் அத்தியாயங்களிலேயே உறுதி செய்யுங்கள். பள்ளிக்கூடக் காதலை முன்கதையாக வைக்கலாம், ஆனால் அங்கே உடல் நெருக்கத்தைத் தொடவே கூடாது. சட்டமும் இடம் தராது, எந்தத் தளமும் விட்டுவைக்காது. ‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்கு வாசிப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அறைவது, கடத்துவது, கட்டாயத் தாலி இவற்றையெல்லாம் காதலின் அடையாளமாகக் காட்டிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ஒரு மன்னிப்பில் முடிப்பது சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறேன். அவன் திருந்துவதற்கு விலை கொடுக்க வேண்டும், அந்த விலை பக்கங்களில் தெரிய வேண்டும்.

இனி தொடர். பிரதிலிபி போன்ற செயலிகள் ஒரு பக்கம், எழுத்தாளர்களே நடத்தும் நாவல் தளங்கள் இன்னொரு பக்கம். எங்கே போட்டாலும், குறைந்தது 20 அத்தியாயமாவது முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் யூடியை, அதாவது முதல் அத்தியாயப் பதிவை, போடுங்கள். வாரம் இரண்டு நாள், அதே கிழமை, அதே நேரம். தினமும் போட்டுப் பத்தாம் நாள் காணாமல் போகிறவரைவிட, வாரம் இரண்டு முறை தவறாமல் வருகிறவருக்குத்தான் வாசகர் சேர்கிறார்கள். ‘முடிவுற்றது’ என்று பார்த்த பிறகே படிக்கத் தொடங்கும் கூட்டமும் பெரியது. கைவசம் அத்தியாயம் இருப்பதில் இன்னொரு லாபம், கருத்துகளைப் பார்த்துக் கதையை வளைக்கும் சபலம் குறையும். முறை தவறியது, நாள்கணக்கு இடித்தது, மருத்துவமனைக் காட்சி நம்பும்படி இல்லை என்று வாசகர் சொன்னால் திருத்துங்கள். ‘அவனை அவளுக்குச் சேர்த்துவையுங்கள்’ என்பதைப் புன்னகையோடு கடந்துவிடுங்கள்.

தளங்கள் நடத்தும் நாவல் போட்டிகளில் கலந்துகொள்ளலாம், புதியவருக்கு அது வேகமான வழி. ஆனால் விதிமுறையில் ஒரு வரியை மட்டும் தேடிப் பாருங்கள்: அச்சு, மின்னூல், ஒலி உரிமைகள் வெற்றி பெற்ற கதைகளுக்கு மட்டும் போகின்றனவா, கலந்துகொண்ட எல்லாக் கதைகளுக்குமா? இரண்டாவது என்றால் விலகிவிடுங்கள். தளத்தில் போட்ட கதையை எப்போது வேண்டுமானாலும் நீக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த படிக்கு இது தேவைப்படும்.

கிண்டிலில் போட, நாமே மின்னூல் வெளியிடும் அமேசானின் கேடிபி சேவையில் கணக்கு வேண்டும். புனைபெயரில் எழுதினாலும் கணக்கு, வங்கி, வரி விவரம் எல்லாம் சட்டப் பெயரில்தான். புனைபெயரை ஆசிரியர் பெயர் கட்டத்தில் மட்டும் போடுங்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் அமெரிக்க வருமானத்தில் 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 30. பணம் அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வரும். மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன், அதாவது நூல் அடையாள எண், தேவையில்லை.

ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதியவரின் பங்கு, 35, 70 என இரண்டு சதவீதம் உண்டு. இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால், மின்னூலை அமேசானுக்கு மட்டும் தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் படிக்கப்படும் பக்கங்களுக்குப் பணம் வருவதும் அதன் வழியாகத்தான். தமிழ்க் காதல் நாவல்களில் பலருக்கு விற்பனையைவிட அந்தப் பக்கக் கணக்கே பெரிய வருமானம். இதற்குக் கைம்மாறாக 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. ஏறத்தாழ 10 சதவீதம் மாதிரிக்கு விட்டுவைக்கலாம். அதாவது 40 அத்தியாயத்தில் முதல் மூன்று, நான்கு தவிர மற்றதெல்லாம் தளத்திலிருந்தும் செயலியிலிருந்தும் உங்கள் வலைப்பக்கத்திலிருந்தும் போக வேண்டும். நீக்கிய பிறகு கூகுளில் உங்கள் கதையின் ஏதாவது ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். நீக்க மறந்துபோன பதிவு ஏதாவது இருந்தால் அகப்படும். எச்சரிக்கை மின்னஞ்சலை அலட்சியம் செய்தால் புத்தகம் மட்டுமல்ல, கணக்கே போகக்கூடும். 90 நாள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், அதே கதையைத் தளத்தில் ரீரனாக, அதாவது மறுபடி தொடராக, போட விரும்பினால் தானியங்கிப் புதுப்பிப்பை முன்பே நிறுத்துங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். முதல் நாவலுக்கு அதைப் பயன்படுத்துவது நல்லது, அடுத்தடுத்த நாவல்களுக்கு வேண்டாம்.

அச்சுக்கு வருவோம். காதல், குடும்ப நாவல் சந்தை வாடகை நூலகங்களையும் புத்தகக் காட்சிகளையும் நம்பி நடப்பது. முதல் பதிப்பு பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான். விலையில் 10 சதவீதம் ராயல்டி என்று ஒப்புக்கொண்டால் 250 ரூபாய் புத்தகத்துக்குப் பிரதிக்கு 25 ரூபாய், 500 பிரதி விற்றால் 12,500. அச்சில் பணக்காரராகும் கணக்கு இதில் இல்லை. சில பதிப்பகங்கள் ராயல்டிக்குப் பதில் மொத்தத் தொகை தருவார்கள், சில இடங்களில் பிரதிகளாகத் தருவார்கள். உங்களிடமே பணம் வாங்கிப் போடுகிறவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன், அது ஒரு சேவை, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் விற்றுத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சொந்தமாகப் போடுவதானால் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்திலேயே இலவசமாகத் தருகிறது. அதற்கென்று யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பழைய எழுத்துருவில் பக்கம் கட்டும் இடமானால், யூனிகோடிலிருந்து மாற்றும்போது ‘ஔ’, ‘ஸ்ரீ’ போன்றவையும் மேற்கோள் குறிகளும் உடையும். ஆகவே கடைசி பிடிஎப்பை வரிக்கு வரி நீங்களே படியுங்கள். நீங்கள் கொடுத்த கோப்பு சுத்தமாக இருந்தது என்பதால் அச்சுப் பிரதியும் சுத்தமாக இருக்கும் என்று பொருளில்லை.

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த எல்லைக்குள், எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ஆகவே ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘தமிழில் அச்சு நூல் உரிமை மட்டும், 3 ஆண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். மின்னூல், யூடியூப் ஆடியோ நாவல், மொழிபெயர்ப்பு, படம், வலைத்தொடர் ஆகியவை தனித்தனி உரிமைகள். ஆடியோ நாவல் சேனல்கள் இப்போது கதைகளை நன்றாகவே தேடுகின்றன. அச்சு ஒப்பந்தத்தோடு அதையும் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

டெலிகிராம் பிடிஎப் திருட்டை முழுதாகத் தடுக்க வழியில்லை. விமர்சனத்துக்கு என்று யாருக்கும் பிடிஎப் அனுப்பாதீர்கள். திருட்டுப் பிரதியைப் பார்த்தால் திரைப்பிடிப்பும் சுட்டியும் தேதியும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுட்டிக்கும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துவைத்தால், நகல் எடுத்தவர்மேல் வழக்கு என்று வரும்போது உதவும். திருட்டுப் பிரதி இணையத்தில் கிடப்பதைப் பார்த்து அமேசான் உங்களிடமே உரிமை ஆதாரம் கேட்கவும் கூடும் என்பதால், வரைவுக் கோப்புகளைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது முழு நாவலைத் தூக்கி அனுப்பாமல், ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், மொத்தச் சொல் எண்ணிக்கை, தொடராக வந்தபோது கிடைத்த வாசிப்பு எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்புங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால் அக்டோபர் முதல் ஜனவரி வரை யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது போகும் மின்னஞ்சல் அடியில் புதைந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் படித்துப் பார்க்க ஆள் இருக்கும், அடுத்த காட்சிக்குள் புத்தகம் வரவும் நேரமிருக்கும்.