தாலுகா ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை: பிஜிஏ மெஷின் இல்லாமல் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். சின்ன ஊர்க் கடைக்கு அதிகம் வருவது மெதுவாக ஓடும் லேப்டாப், ஆன் ஆகாத டெஸ்க்டாப், உடைந்த டிஸ்ப்ளே, விண்டோஸ் கோளாறு. எதற்கும் போர்டில் உள்ள சிப்பைச் சூடாக்கிக் கழற்றி மாற்றும் அந்த பிஜிஏ மெஷின் வேண்டாம். போர்டு ஷார்ட் என்றால் பக்கத்து நகரத்தில் சிப் லெவல் (போர்டில் உள்ள சிப், சின்னப் பாகங்களை மாற்றும்) வேலை செய்பவரிடம் அனுப்புங்கள். செலவைச் சொல்லி, கஸ்டமர் சரி என்ற பிறகு அனுப்புங்கள்.

முதலில் வாங்க வேண்டியவை: பிஎச்00, பிஎச்0, பிஎச்1 (ப்ளஸ் வடிவம்), டி5 (நட்சத்திர வடிவம்) முனைகள் உள்ள ஸ்க்ரூடிரைவர் செட், நல்ல மல்டிமீட்டர், 30 வோல்ட் 5 ஆம்ப் டிசி பவர் சப்ளை, கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் சாட்டா–யூஎஸ்பி டாக், நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் (டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை) ஒன்று, டிடிஆர்3, டிடிஆர்4 ராம் (டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுக்கும்), ஐபிஏ (போர்டைத் துடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்), தெர்மல் பேஸ்ட், மதர்போர்டுக்கான சிஆர்2032 செல். ஸ்டாக்கில் 256, 512 ஜிபி எஸ்எஸ்டி இரண்டிரண்டு போதும். டிஸ்ப்ளேயும் கீபோர்டும் வாங்கி அடுக்காதீர்கள். மாடலுக்கு மாடல் மாறும், பணம் முடங்கிவிடும். பழைய பேனலின் பின்பக்கம் உள்ள நம்பரையும் 30 பின்னா 40 பின்னா என்பதையும் பார்த்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்டர் போட்டால் போதும்.

பேனல் மாற்றும்போது அடாப்டரைக் கழற்றினால் மட்டும் போதாது, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். டிஸ்ப்ளே கேபிளில் பேக்லைட்டுக்கான மின்சாரமும் வருகிறது. பவர் இருக்கும்போது சொருகினால் போர்டில் உள்ள சின்ன பேக்லைட் ஃப்யூஸ் போய்விடும். புதுப் பேனலும் இருட்டாகவே இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். பேனலைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் அந்த ஃப்யூஸை மல்டிமீட்டரில் பாருங்கள்.

பெயர் கெடுவது பெரும்பாலும் டேட்டா விஷயத்தில்தான். லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்றதும் ஃபார்மேட்டுக்குப் போகாதீர்கள். முதலில் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 வரிசையைப் பாருங்கள். அதன் ரா வேல்யூ (Raw Values) பூஜ்யமாக இல்லையென்றால் படிக்க முடியாத செக்டார்கள் இருக்கின்றன. அந்த டிஸ்க்கில் விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. சாகப்போகும் டிஸ்க்கை அது மேலும் படுத்தி, அதன் மேலேயே எழுதவும் செய்யும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு வேறு டிஸ்க்குக்கு இமேஜ் (முழு நகல்) எடுத்துவிட்டு, மீதி வேலையை அந்த நகலில் பாருங்கள்.

பயாஸ் அப்டேட், டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) கிளியர், போர்டு மாற்றம் எதுவானாலும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பலருக்குத் தங்கள் லேப்டாப்பில் அது ஆன் ஆகியிருப்பதே தெரியாது. கீ பெரும்பாலும் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது கிடைக்காமல் பூட்டிக்கொண்டால் டேட்டா போனதுதான்.

கடைக்கான உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) ஆன்லைனில் இலவசம், அன்றே முடித்துவிடலாம். அதைவிட முக்கியம், ரிப்பேருக்கு வாங்கும்போது எழுதும் ஜாப் கார்டு. சீரியல் நம்பர், கூட வந்த அடாப்டர், ஏற்கெனவே இருக்கும் கீறல், உடைந்த கீல், டேட்டா பேக்கப் வேண்டுமா என்பது எல்லாவற்றையும் எழுதி, கஸ்டமர் எதிரிலேயே ஆன் செய்து காட்டி, கையெழுத்து வாங்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் அந்தக் கார்டில் எழுதாதீர்கள். தற்காலிக பின் நம்பர் ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள், வாங்கிப் போகும்போது மாற்றிக்கொள்ளட்டும்.