ஓடை, ஆறு, கடல்: குமரி மாவட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கடலையும் நீர்நிலைகளையும் காப்பாற்ற நம்மால் என்ன முடியும் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். கடற்கரை ஊர்களிலிருந்து மட்டுமல்ல, உள்ளூர்ப் பக்கமிருந்தும் மலையோரத்திலிருந்தும் கேட்டிருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நான் முட்டம் பக்கம். வலை பழுதுபார்ப்பது தொழில், கடலாமை முட்டையிடும் காலத்தில் ராத்திரி கரை நடப்பது வழக்கம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குலசேகரம், ரப்பர் விவசாயி: மலையடிவாரத்தில் இருக்கும் எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப நெருங்கிய சம்பந்தம் அண்ணே. உங்கள் ஓடை கோதையாற்றில் சேர்கிறது. அது குழித்துறை தாண்டி, தாமிரபரணி என்ற பெயரோடு தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. நடுவில் வடிகட்ட எதுவும் கிடையாது.

ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடித்த பிறகு தட்டில் வெளுத்த தண்ணீர் மிஞ்சுமே, அதை எங்கே ஊற்றுகிறீர்கள்? பால் உறைய விட்ட ஆசிட் அதில்தான் இருக்கிறது, பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் அதில்தான். ஓடையில் விட்டால் அழுகி, தண்ணீரிலிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். கோடையில் நீரோட்டம் குறைந்திருக்கும்போது மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவது அதனால்தான். ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி ஒரு குழி எடுத்து அதில் விடுங்கள், புளிப்பு அடங்கக் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்கள். வீட்டில் மாடு இருந்தால் இன்னும் நல்லது. சாண எரிவாயுக் கலன் வைத்து, அது நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு இந்தத் தண்ணீரையும் அதிலேயே விடலாம். கேரளத்தில் பல வீடுகளில் இப்படித்தான் அடுப்பு எரிகிறது. ரப்பர் வாரிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நாகர்கோவில், இல்லத்தரசி: எங்கள் தெருவில் எல்லார் வீட்டு செப்டிக் தண்ணீரும் ஓடைக்குத்தான் போகிறது. நான் மட்டும் மாற்றி என்ன ஆகப் போகிறது?

அக்கா, அந்த ஓடை பழையாற்றில் சேர்ந்தால் ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடிக் காயலுக்குத்தான் வரும். இறால் குஞ்சு வளர்கிற இடம் அது. இடம் இருந்தால் தொட்டிக்கு வெளியே உறிஞ்சு குழி ஒன்று போடுங்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுத்துவிடுங்கள். லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேட்பதும் உங்கள் பொறுப்புதான், ராத்திரியில் குளக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இடமில்லாத வீடுகள் நாலைந்தாகச் சேர்ந்து வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போனால் அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள்.

குறும்பனை, கல்லூரி மாணவி: கரையில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை கிடக்கிறது. பொறுக்கினால் பயன் உண்டா?

உண்டு மக்களே. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியதே, அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை சில நாளிலேயே நம் கரைக்கும் வந்தது. இதை உருக்கித்தான் வாளி, பை எல்லாம் செய்கிறார்கள். மீனுக்கு இது இன்னொரு மீனின் சினை மாதிரி தெரியும்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் முதுகு ஒடிந்துவிடும். ஓதம் (கடல் ஏற்றம்) வந்து நின்ற கோட்டில், சருகும் கடற்பாசியும் ஒதுங்கியிருக்கும் மேல் மணலை மட்டும் வழித்து, கடல் தண்ணீர் நிரப்பிய வாளியில் போடுங்கள். ஒரு கலக்கு கலக்கினால் மணல் அடியில் போகும், குருணை மிதக்கும். டீ வடிகட்டியால் அள்ளிவிடலாம். சிறு நண்டு மிதந்தால் திருப்பி விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேர்த்ததை மூட்டை கட்டி ஊராட்சியில் கொடுங்கள், புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம்.

மார்த்தாண்டம்: தடைக்காலத்தில் மீன் வாங்குவது தப்பா?

தப்பில்லை. தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளம், கட்டுமரம் மாதிரி நாட்டுப்படகுகள் போகலாம். அதோடு நம் மாவட்டத்தில் தடை இரண்டு: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

நீங்கள் பார்க்க வேண்டியது மீனின் அளவை. சாளை (மத்தி) 10 செ.மீ., அயலை (கானாங்கெளுத்தி) 14 செ.மீ.க்குக் குறைவாகப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் 2015-லேயே விதி போட்டார்கள். நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். பொடிசு மலிவு என்று வாங்க ஆள் இருக்கிறவரை பொடிசு வந்துகொண்டேதான் இருக்கும். சிங்கி இறாலில் வயிற்றுக்கடியில் முட்டை ஒட்டியிருந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குளச்சல், மீனவர்: கிழிந்த வலையை என்ன செய்ய?

அண்ணே, இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நைலான் வலை கடலில் போய்விட்டால் ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். போன வருஷம் கரையில் ஒதுங்கிய ஒரு வலையைப் பிரித்தேன். உள்ளே மூன்று நண்டு, ஒரு கிளாத்தி மீன், ஒரு பங்குனி ஆமை. ஆமையின் முன்துடுப்பில் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. கத்தரியை உள்ளே விட இடமில்லை, பிளேடால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன். உயிர் இருந்தது, கடலுக்குப் போயிற்று. பிழைத்ததா என்று தெரியவில்லை.

ஈயம், மிதவை, கயிறு மூன்றையும் தனியாகக் கழற்றிவிட்டால் நைலானைப் பழைய சாமான் கடைக்காரர் எடை போட்டு எடுப்பார். சிக்கலாகக் கொண்டுபோனால்தான் வேண்டாம் என்பார். வலை பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டிக்கொண்டால் அறுத்துவிட்டு வருவதைத் தவிர வழி இல்லாமல் போகலாம், அப்போது இடத்தைக் குறித்துவையுங்கள். முக்குளித்துச் சிப்பி எடுக்கிற பையன்கள் நம்மிடம் இருக்கிறார்கள், ஆழம் குறைவான இடமென்றால் மீட்டுவிடலாம். அப்புறம், கணவாய் மீன் கூடுவதற்கென்று தென்னங்குலையோடு பிளாஸ்டிக் சாக்கில் மணல் கட்டி இறக்குகிறோமே, அந்தச் சாக்குக்குப் பதில் சணல் சாக்கு போதும். குலை மக்கிவிடும், பிளாஸ்டிக் மக்காது.

மணக்குடி, பள்ளி ஆசிரியர்: மாணவர்களை வைத்துக் கண்டல் (காயல் சேற்றில் வளரும் மரம்) நடலாமா?

நடுவதற்கு முன்னால் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள் சார். கண்டலில் ஒரு வகையான அலையாத்தியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். பிளாஸ்டிக் பை அதன்மேல் போர்த்திக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். ஓதம் வற்றிய நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பைகளை மட்டும் எடுங்கள், வேரை மிதிக்காமல். நடுவதென்றால் ஓதம் தினமும் ஏறி இறங்கும் சேற்றில், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு நடுங்கள். மணல் கரையில் கண்டல் வேண்டாம், அங்கே மணலில் படரும் அடம்புக் கொடி இருந்தால் போதும்.

கன்னியாகுமரி, விடுதி நடத்துபவர்: ஆமை முட்டையிட்ட இடத்தைப் பார்த்தால்?

தோண்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்புள்ள உயிர். குழிக்கு நூறு முட்டை போல இருக்கும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் நகரும். கடலைப் பார்த்திருக்கும் உங்கள் விளக்குகளை ஜனவரி முதல் மே வரை ராத்திரி பத்து மணிக்குமேல் அணைத்துவையுங்கள்.