கணைய அழற்சியில் ‘ஸ்கோர் மூணு’ என்றால் என் அப்பா பிழைப்பாரா?

உங்கள் அப்பாவுக்கு 64 வயது, ஐசியூவில் இருக்கிறார், ரத்தத்தில் பார்க்கும் லைபேஸ் (கணையம் சுரக்கும் நொதி) 3,000-ஐத் தாண்டிவிட்டது, டூட்டி டாக்டர் ‘ஸ்கோர் மூணு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், சிடி ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த லைபேஸை மறந்துவிடுங்கள். அது நோய் இதுதானா என்று உறுதிப்படுத்த மட்டும்தான். இயல்பின் உச்ச அளவைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கணைய அழற்சிக்கு அது ஒரு சான்று. அதற்குமேல் ஆயிரமோ ஐயாயிரமோ, நோய் எவ்வளவு கடுமை என்பதை அந்த எண் சொல்லாது.

நான் டாக்டர் இல்லை. ‘கூகுள் பார்த்து வைத்தியம் சொல்கிறாள்’ என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். நான் மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களைத்தான் சொல்கிறேன், அதுவும் என் வீட்டுக்காரருக்கு இதே நோய் வந்ததால்.

அவருக்கும் ‘மூணு’தான் சொன்னார்கள். என் கொழுந்தனார் உடனே போனில் தேடி, இந்த நோயின் கடுமையை அளக்கும் ஒரு பட்டியலை எடுத்தார். 1974-இல் ரான்சன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வெளியிட்டது. மொத்தம் 11 மார்க். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அதில் ஐந்தைப் பார்ப்பார்கள், மீதி ஆறுக்கு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏழோ அதற்கு மேலோ வந்தால் கிட்டத்தட்ட நூறு சதவீதம் மரணம் என்று அதில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மனிதர் வெளியே போய்த் தேம்பித் தேம்பி அழுதார். அந்த விகிதங்கள் ஐம்பது வருடத்துக்கு முந்தைய வைத்தியத்தை வைத்து வந்தவை. பித்தக்கல்லால் வந்த நோய்க்கு அந்தப் பட்டியலிலேயே வரம்புகள் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், டாக்டர் சொன்ன மூன்று அந்தப் பட்டியலின் மூன்றே இல்லை!

முதல் நாளே ஒரு ஸ்கோர் சொன்னார்கள் என்றால் அது பெரும்பாலும் பைசாப் (BISAP) என்ற இன்னொரு பட்டியல். 2008-இல் வந்தது, மொத்தமே ஐந்து மார்க்: பியுஎன் (ரத்தத்தில் உள்ள யூரியா நைட்ரஜன்) 25-க்கு மேல், மனத்தெளிவு குறைதல், உடல் முழுவதும் அழற்சிக்கான அறிகுறிகள், 60 வயதுக்கு மேல், நுரையீரலைச் சுற்றி நீர். உங்கள் அப்பாவுக்கு வயதுக்கே ஒரு மார்க் விழுந்துவிட்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? அழற்சி அறிகுறி என்பதில் நாடித்துடிப்பு 90-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல், இந்த இரண்டு இருந்தாலே இன்னொரு மார்க். இந்த நோயின் வலியில் துடிப்பவருக்கு இரண்டுமே ஏறித்தான் இருக்கும்.

பைசாப் பூஜ்யம் என்றால் மரண வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே, ஐந்து என்றால் 20-க்கு மேல். மூன்று இடையில் வருகிறது. அதாவது மூன்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்கள். இந்த ஸ்கோர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. குறைவாக வந்தால் நம்பலாம், கூடுதலாக வந்தால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. கூடுதல் என்றால் ‘இவரைக் கண் கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள்’ என்று டாக்டர்களுக்குச் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். இரண்டொரு நாளில் லைபேஸ் பாதிக்கும் கீழே இறங்கியது. வீட்டில் எல்லோரும் கும்பிடு போட்டார்கள். அதே நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, சிறுநீர் குறைந்தது, கிட்னி சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியது. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “நீங்க பிடிச்சிட்டிருக்கிற நம்பரை விடுங்கம்மா. கிட்னியும் நுரையீரலும் 48 மணி நேரத்துல திரும்பி வருதான்னு பார்ப்போம்” என்றார். அவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் பேசவில்லை. இந்த நோயைக் கடுமை வாரியாகப் பிரிக்கும், 2012-இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு சொல்வதும் இதைத்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நுரையீரல், ரத்த ஓட்டம், சிறுநீரகம், இந்த மூன்றில் ஒன்று செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேலும் மீளாவிட்டால்தான் அது ‘கடுமையானது’. மரணத்தில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தில்தான். அதற்குள் மீண்டுவிட்டால் நடுத்தரம். இவர் மீண்டார், மயிரிழையில்.

அதோடு ஆபத்து முடிந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரத்தைத் தாண்டியவர்களுக்கு அடுத்த பயம், அழிந்துபோன கணையத் திசுவில் கிருமி தொற்றுவது. இவருக்குத் திசு கொஞ்சம் அழிந்திருந்தது, தொற்றவில்லை. இதை எந்த முதல் நாள் ஸ்கோரும் எங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கணையம் என்று சொன்னவுடனே பார்க்க வந்த ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, “ரொம்ப நாளா குடிப்பாரோ?” என்று கேட்டார்கள். இவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. பித்தப்பையில் கல், அது நழுவிக் குழாயை அடைத்தது, அவ்வளவுதான். பித்தக்கல்தான் இந்த நோய்க்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1,000-க்கு மேல் போனாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். காப்பீட்டு நிறுவனமும் விடவில்லை, ‘மதுப்பழக்கம் இல்லை’ என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வா என்று என்னை அலைய விட்டது. குடிப்பவருக்கு வந்தால் மட்டும் என்ன, அவர் சாகட்டும் என்று விட்டுவிடுவார்களா? இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிடி எடுக்காததை அலட்சியம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். நோய் இதுதான் என்று உறுதியாகிவிட்டால், முதல் இரண்டு மூன்று நாளில் எடுக்கும் படத்தில் திசு அழிவு முழுதாகத் தெரியாது. அதனால்தான் தள்ளிப் போடுகிறார்கள்.

இன்று போனால் யூரியா, கிரியாட்டினின், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மூன்றையும் நேற்றைய ரிப்போர்ட்டோடு வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் 24 மணி நேரத்தில் யூரியா இறங்குகிறதா ஏறுகிறதா என்பது பெரிய தடயம். ஒரு எச்சரிக்கை: சில லேப்கள் பியுஎன் போடும், சில யூரியா போடும். யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் பியுஎன். யூரியா 40 என்பதைப் பார்த்து ‘25-ஐத் தாண்டிவிட்டதே’ என்று பதறாதீர்கள், பியுஎன் கணக்கில் அது 19 தான். அப்புறம் சிறுநீர் மணிக்கு எவ்வளவு போகிறது, ஆக்சிஜன் கூட்டினார்களா குறைத்தார்களா என்று நர்ஸிடம் கேளுங்கள். டூட்டி டாக்டரை விட அவர்கள் நின்று பதில் சொல்வார்கள்.